சொல்லிக்கொள்ளாமல் வைத்த போன்

காஞ்சனாவுக்கு 'கோ' தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். 'ஆஃப்' அதைவிட நன்றாகத் தெரியும். சித்தூரில் அவள் வீட்டு ஃபேன் சுவிட்சிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்த இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தால் முன்பின் தெரியாத மூன்றாவது ஆளாக மாறிவிடுவார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

வேலைக்குச் சேர்ந்து அவள் எடுத்த முதல் அழைப்பில், இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர், தன் கட்டிலில் இருக்கும் அலாரம் இரவு முழுக்க 'கோயிங் ஆஃப்' என்றார். சரி, அலாரம் ஆஃப் ஆகிவிட்டது, மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்று காஞ்சனா எடுத்துக்கொண்டாள். கேட்க ரொம்ப சந்தோஷம் சார் என்று, சொல்லிக்கொடுத்த அதே குழைவான குரலில் சொல்லியும் வைத்தாள். அதற்குப் பெரியவர் பேசிய பேச்சுக்கு அகராதி தேவைப்படவில்லை. அலாரம் இரவு முழுக்க அலறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

அன்றைக்கு அவளுக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. விளக்கு அணைந்தாலும் ஆஃப், மணி அலறினாலும் ஆஃப் என்றால் மனிதன் எதை நம்பிப் பேசுவது? கோபம் ஆறியபின் மிஞ்சியது ஆச்சரியம். அந்த ஆச்சரியம் அவளை விடவில்லை.

அவள் வேலை செய்த ஆபீஸ் திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இங்கிலாந்தில் வயதானவர்களுக்கு மின்சாரக் கட்டிலும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனி. அங்கிருந்து யார் போன் செய்தாலும் மணி இங்கே அடிக்கும். அதற்கு முன் பல வருஷம் அவள் சித்தூர் பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போட்டாள். அங்கே உட்காரக் கூடாது. கடையில் ஈ ஓட்டினாலும் நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தபாலில் பட்டம் முடித்ததும், கடைக்கு வந்து கிடக்கும் இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக் கூட்டாமல் படிக்கப் பழகியதும் ஒரே ஒரு ஆசைக்காகத்தான். உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும். இங்கே அது கிடைத்தது. நாற்காலிக்குச் சக்கரம் கூட இருந்தது.

கிடைத்தது, ஆனால் இன்னும் கைக்கு வரவில்லை. பயிற்சிக் காலம் முடியும்போது லண்டனில் இருக்கும் கம்பெனிக்காரர்கள் பழைய அழைப்புகளைக் கேட்டுப் பார்த்து, பிடித்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். அதற்குள் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஹேமநாத், அவள் புருஷன், மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் பாய்லர் பார்ப்பவன். போனால் போகட்டும், ஜவுளிக் கடை எங்கேயும் ஓடிப்போகவில்லையே என்றான். அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அன்றிரவு அவள் மறுபடியும் கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

அவளுடைய கஷ்டம் என்னவென்றால், அவள் படித்தது பேன்ட் சட்டை போட்ட இங்கிலீஷ். போனில் வந்ததோ லுங்கி கட்டிய இங்கிலீஷ். 'போஸ்ட்போன்' என்றால் அவளுக்குப் புரியும். ஒருவரும் போஸ்ட்போன் என்று சொல்வதில்லை, 'புட் ஆஃப்' என்கிறார்கள். 'டாலரேட்' சொல்வதில்லை, 'புட் அப் வித்' என்கிறார்கள். ஒரு 'புட்'டை வைத்துக்கொண்டு ஒரு தேசமே பிழைப்பு நடத்துகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ்ஸில் அவளுக்குத் துணையாக வந்தவள் தபிதா. சித்தூரில் மிஷன் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கிலாந்து போவதற்காகப் பரீட்சை எழுதப் போகிறவள். இருவருக்கும் மதியம் ஷிஃப்ட் என்பதால் காலையில் ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே சீட். தபிதா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்பவள். சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்து வருஷா வருஷம் பரிசு வாங்கிய பழக்கம். 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள், 'லுக் அப் டு' என்றால் மதி, 'லுக் டவுன் ஆன்' என்றால் இளப்பமாக நினை என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். ஏன் என்று கேட்டால் மட்டும் பிடிக்காது. காஞ்சனாவுக்கோ ஏன் என்று கேட்காமல் ஒன்றும் உள்ளே இறங்காது.

பூதலப்பட்டு தாண்டியதும் ஒருநாள் தபிதா பசி தாங்காமல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூக்கைச் சுளித்தாள்.

"தயிர் சோறு கெட்டுப் போச்சுக்கா."

"எங்க போச்சு?" என்றாள் காஞ்சனா.

"இன்னாக்கா?"

"கெட்டுப் போச்சுன்றியே, எங்க போச்சுன்னு கேக்கறேன். டப்பாலயேதான கீது."

தபிதா டப்பாவைப் பார்த்தாள், காஞ்சனாவைப் பார்த்தாள். காஞ்சனாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. நிஜமாகவே கேட்கிறாள். பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை. இன்றைக்குத்தான் அதன் உள்ளே ஒரு 'போ' உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. சோறு எங்கேயும் போகவில்லை. இருந்தாலும் போய்விட்டது.

தபிதா மெதுவாகத் தன் செல்போனைத் தேய்த்து ஒரு வரியைக் காட்டினாள். பால் கெட்டுவிட்டால் இங்கிலீஷ்காரன் 'கான் ஆஃப்' என்பானாம். அவன் பாலும் போய்த்தான் கெடுகிறது.

அதற்கப்புறம் இருவரையும் பிடித்து நிறுத்த ஆளில்லை. விளக்கு அணைந்து போகிறது, குழந்தை அசந்து போகிறது, கை மரத்துப் போகிறது. ஒன்றுக்கும் கால் கிடையாது, எல்லாம் போகிறது. 'புட் ஆஃப்' என்றால் என்ன, தள்ளிப் போடுவது. தள்ளு, போடு! இங்கிலீஷ்காரன் ஏதோ சதி செய்கிறான் என்று இத்தனை நாள் திட்டினோமே, அதே சதியைத் தாய்ப்பாலோடு குடித்துவிட்டல்லவா உட்கார்ந்திருக்கிறோம் என்று காஞ்சனா வியந்தாள். அவளுடைய பழைய முதலாளி எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவார். ஒரு நாளும் அவர் எரிந்ததில்லை, விழுந்ததும் இல்லை. ஒரு வெள்ளைக்காரன் தமிழ் கற்றுக்கொள்ள வந்து, காசிபென்ட்லா பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, 'எரிந்து விழு' என்பதை மண்டையை உடைத்துக்கொண்டு படிப்பதை நினைத்து இருவரும் சிரித்த சிரிப்பில், முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மஞ்சள் வேட்டிக்காரர் எழுந்து கோவிந்தா என்றார்.

அன்றிலிருந்து அதுவே அவர்களுடைய விளையாட்டாயிற்று. தபிதா இங்கிலீஷில் ஒன்றை எடுத்துப் போடுவாள். காஞ்சனா அதற்குத் தமிழில் ஒரு ஜோடி தேடுவாள். 'கிவ் அப்'புக்கு விட்டுவிடு, 'கிவ் இன்'னுக்கு விட்டுக்கொடு. சில வார்த்தைகளுக்கு ஜோடியே கிடைக்காது. அதற்கெல்லாம் சந்திரகிரி கோட்டை வரும்வரை யோசித்துவிட்டு, இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் வரும் வியாதி என்று தள்ளிவிடுவார்கள்.

'பாஸ் அவே' வந்த அன்றைக்குத் தபிதா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் செத்துவிட்டார் என்று சொல்லக்கூடாது என்றாள். எங்கேயும் சொல்லமாட்டார்கள்தான் என்றாள் காஞ்சனா. அவள் பிறந்த ஊரான பாலசமுத்திரத்தில் தவறிப்போனார் என்பார்கள். தபிதாவின் சர்ச்சில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று அறிவிப்பார்கள். செத்தவரை யாரும் செத்த இடத்திலேயே விட்டுவைப்பதில்லை, எங்கேயாவது அனுப்பிவைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள் என்பது காஞ்சனாவுக்குப் புதிதாகப் பட்டது. அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை.

அது அவளுக்குச் சீக்கிரமே தேவைப்பட்டது.

ஒரு சாயங்காலம் மிஸஸ் பெல்லமி என்ற அம்மாள் அழைத்தார். மெல்லிய குரல், நடுவில் இருமல். கணவருக்காக வாடகைக்கு எடுத்த சாய்வு நாற்காலியை எடுத்துப் போக வேண்டும் என்றார். 'பிக் அப்'. காஞ்சனாவுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. நாற்காலியில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். நாற்காலி நன்றாக இருக்கிறது, கணவர்தான் போய்விட்டார் என்றார் அந்த அம்மாள். 'பாஸ்ட் அவே'.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அனுதாப வாக்கியம் ஒன்று இருந்தது. காஞ்சனா அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு அழைப்பை முடித்திருக்கலாம். ஆனால் மிஸஸ் பெல்லமி பேச ஆரம்பித்தார். தினமும் டீ குடித்ததும் அவர் அந்த நாற்காலியிலேயே 'நாட் ஆஃப்' ஆகிவிடுவாராம், கையில் கோப்பையோடு. கோப்பை சாயுமுன் தான் போய் வாங்கி வைப்பாராம். இப்போதும் டீ நேரத்துக்குத் தன் கை தானாக நீளுகிறதாம். தூங்கி விழுவதற்கும் ஆஃப்தானா என்று காஞ்சனாவின் மனத்தில் ஒரு மூலை குறித்துக்கொண்டது. மற்ற மூலையெல்லாம் அந்தக் கோப்பையிலேயே இருந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. உம் கொட்டினாள். வண்டி வரும் நாளை மட்டும் நடுவில் ஒருமுறை சொன்னாள்.

பிறகு அந்த அம்மாளின் பேச்சு நின்றது. இரண்டு பக்கமும் சத்தமில்லை. முடிக்க வேண்டிய இடம் இதுதான். முடிப்பதற்கென்று ஒரு வாக்கியம் எல்லோர் மேஜையிலும் ஒட்டியிருந்தது: அழைத்ததற்கு நன்றி, மறுபடியும் அழையுங்கள், நாங்களும் மறுபடி வருவோம், போய் வருகிறேன். அதைச் சொல்லாமல் எந்த அழைப்பும் முடியக் கூடாது. அதைவிடப் பெரிய சட்டம், வாடிக்கையாளர் வைக்குமுன் நாம் போனை வைக்கக் கூடாது. 'ஹேங் அப்' செய்வது கொலைக் குற்றம் மாதிரி என்று டீம் லீடர் ஹரிபாபு முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தார்.

காஞ்சனா வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் ஒரு சாவு வீட்டு வாசல் நினைவில் வந்து நின்றது.

அவள் நைனா தவறியபோது ஊரே வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. வந்தார்கள், அழுதார்கள், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், பிறகு பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்வது, மறுபடி இப்படி ஒரு காரியத்துக்கு வருகிறேன் என்று சொல்வது. விவரம் தெரியாத தூரத்து உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்று வர்றேங்க என்றதும் அம்மாவின் முகம் போன போக்கு அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுபடியும் அழையுங்கள், நாங்களும் மறுபடி வருவோம்! மேஜையில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வருவதுபோல, பொத்தானை அழுத்தி அழைப்பை முடித்தாள். சரியாக நடந்துகொண்டோம் என்ற நிம்மதிகூட அவளுக்கு இருந்தது. பாவம்.

புகார் லண்டன் வழியாக வந்து சேர்ந்தது. என் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் பெண் போனை வைத்துவிட்டாள், நான் ஹலோ ஹலோ என்று வெறும் போனிடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று மிஸஸ் பெல்லமி எழுதியிருந்தார். ஹரிபாபு காஞ்சனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒலிப்பதிவைப் போட்டார். முடிவில் வந்த அந்த மௌனமும் அதன்பின் வந்த சின்ன 'டிக்'கும் காஞ்சனாவுக்கே கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது.

எந்துக்கம்மா, ஏன் இப்படிச் செய்தாய் என்று தெலுங்கில் கேட்டார் ஹரிபாபு. திட்டவில்லை, அவர் திட்டியிருந்தால் தேவலை. நன்றாகப் பேசிக்கொண்டு வந்து, கரை சேரும் நேரத்தில் ஏன் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

"சாவு ஊட்டுக்குப் போனா நீங்க சொல்லிக்கினு வருவீங்களா சார்?" என்றாள் காஞ்சனா.

ஹரிபாபுவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. அவருக்கு வெதுருகுப்பம் பக்கம். போன மாதம்தான் சித்தி வீட்டுக் காரியத்துக்குப் போய்விட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை வந்து ஸ்டார்ட் செய்தவர் அவர். தனக்குப் புரிகிறது என்றார். தன் அம்மாவுக்கும் புரியும், வாசலில் டீ விற்பவருக்கும் புரியும். லண்டனுக்கு மட்டும் புரியாது.

லண்டன் ஒரு வழி சொல்லியிருந்தது. காஞ்சனாவே அந்த அம்மாளுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் புகாரைத் திரும்பப் பெற்றால் வேலை இருக்கும். இல்லையென்றால் அந்த வாரத்தோடு சரி. ஹரிபாபு நல்ல மனிதர். தன் பங்குக்கு ஒரு தப்பிக்கும் வழியும் யோசித்து வைத்திருந்தார். போனை வைத்துவிட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? லைன் அறுந்து போயிற்று என்று சொல். 'ஹேங் அப்' என்றால் குற்றம், 'கட் ஆஃப்' என்றால் விதி. கம்பியின் மேல் பழி போட்டால் கம்பி வந்து மறுக்கப்போவதில்லை.

மறுநாள் பஸ்ஸில் தபிதாவும் அதையேதான் சொன்னாள். "பேசாம 'கட் ஆஃப்'னு சொல்லிடுக்கா. தப்பு யார் மேலயும் விழாது."

ஆசையாகத்தான் இருந்தது. யார்தான் சொல்லாதது? சிக்னல் போய்விட்டது, கட் ஆகிவிட்டது என்று தினமும் நாட்டில் பாதிப்பேர் பொழுதை ஓட்டுகிறார்கள். காஞ்சனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியை நினைத்தாள். சக்கரம் வைத்த தன் நாற்காலியை. ஜவுளிக் கடைக் கல் தரையின் சில்லிப்பு அவளுக்கு உள்ளங்காலில் ஏறியது.

உங்கள் பக்கம் சாவு வீட்டில் எப்படி, நீங்களும் சொல்லிக்கொள்ள மாட்டீர்களா என்று தபிதாவைக் கேட்டாள். ஜெபம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுவோம், வருகிறேன் என்று சொல்லமாட்டோம் என்றாள் தபிதா. அப்படி எந்த வசனத்திலும் இல்லை, ஆனாலும் சொல்லமாட்டோம். அது ஏன் என்று காஞ்சனா கேட்டபோது, முதல் தடவையாகத் தபிதாவும் அதை யோசித்துப் பார்த்தாள்.

"வெள்ளக்காரங்க மட்டும் எப்படிக்கா சொல்லிக்கினு போறாங்க? பயமா இருக்காது அவங்களுக்கு?"

அந்தக் கேள்வி காஞ்சனாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆமாம், அந்த ஊரில் எப்படி? அவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போவார்கள்? அந்த அம்மாளிடம் பொய்யைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டால் இந்தக் கேள்வியை அவரிடம் எப்படிக் கேட்பது?

அன்று சாயங்காலம் ஹரிபாபு இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மேஜைமேல் அவர் எழுதிக்கொடுத்த வாக்கியங்கள் இருந்தன. மணி அங்கே அடித்தது. மிஸஸ் பெல்லமி எடுத்தார். காஞ்சனா தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் இறுகியது. சொல்லுங்கள் என்றார்.

அன்றைக்கு அழைப்பு, என்று ஆரம்பித்தாள் காஞ்சனா. ஹரிபாபு 'கட் ஆஃப்' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"அன்றைக்கு அழைப்பு தானாக நிற்கவில்லை, மேடம். நான்தான் வைத்தேன்."

அவளுடைய இங்கிலீஷ் அப்போது பேன்ட்டும் போடவில்லை, லுங்கியும் கட்டவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துச் சுற்றிக்கொண்டு ஓடியது. எங்கள் ஊரில் யாராவது இறந்த வீட்டுக்குப் போனால், திரும்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டோம் என்றாள். மற்ற நாளில் போகிறேன் என்றுகூடச் சொல்லமாட்டோம், போய் வருகிறேன் என்றுதான் சொல்வோம். அந்த ஒரு வீட்டில் மட்டும் வருகிறேன் என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. துக்கம் மறுபடி வந்துவிடும். அதனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பேசாமல் எழுந்து போய்விடுவோம். அதுதான் மரியாதை.

"அன்றைக்கு நான் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது, மேடம். அதனால்தான் அப்படி எழுந்து வந்துவிட்டேன். உங்கள் ஊரில் அது எப்படிப்படும் என்று நான் யோசிக்கவில்லை. அது என் தப்பு."

ஹரிபாபு கண்ணை மூடிக்கொண்டார். வேலை போயிற்று என்றே அவர் நினைத்திருப்பார். அந்தப் பக்கம் ஒருமுறை இருமல் கேட்டது.

பிறகு மிஸஸ் பெல்லமி ஒரு கேள்வி கேட்டார். கோபமாக அல்ல, தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அப்படியானால் வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? வாசல் வரை வந்து வழியனுப்ப மாட்டார்களா? 'சீ ஆஃப்'.

இல்லை என்றாள் காஞ்சனா. எழுந்துகூட வரமாட்டார்கள். போகிறவர் போவதைப் பார்க்காத மாதிரி இருப்பார்கள். ஆனால் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பின்னாளில் கேட்டால் ஒருவர் விடாமல் சொல்வார்கள். சொல்லிவிட்டு, தைரியம் வந்து, அவளும் தன் கேள்வியைக் கேட்டாள். உங்கள் ஊரில் எப்படி மேடம்? என்ன சொல்லிவிட்டுப் போவார்கள்?

மிஸஸ் பெல்லமி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. 'கம் ரவுண்ட்' என்ற ஒரு வார்த்தையைச் சொன்னார். காஞ்சனா கேள்விப்படாத வார்த்தை. என்ன அர்த்தம் என்று கூச்சப்படாமல் கேட்டாள். வீட்டுப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பது என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

"இங்கே எல்லோரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அடக்கம் முடிந்த அன்றைக்கு அத்தனை பேரும் சொன்னார்கள். இதுவரை ஒருவரும் வரவில்லை."

அனுதாப வாக்கியம் மேஜையிலேயே இருந்தது. அதைக் காஞ்சனா பார்க்கவில்லை. நாற்காலியை வந்து எடுத்துப் போனார்களா என்று மட்டும் கேட்டாள். எடுத்துப் போய்விட்டார்கள், தரைவிரிப்பில் அதன் கால்கள் அழுந்திய பள்ளம் இன்னும் இருக்கிறது, அதைத் தேய்க்க வேண்டாம் என்று வீடு கூட்ட வருகிறவளிடம் சொல்லியிருக்கிறேன் என்றார் அந்த அம்மாள். பிறகு, உங்கள் மேல் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இன்றைக்கே உங்கள் ஆட்களுக்கு எழுதிவிடுகிறேன் என்றார். ஹரிபாபு கண்ணைத் திறந்தார். காஞ்சனாவின் தோளில் தட்டப்போனவர், பெண்பிள்ளை என்று நினைவு வந்து மேஜையில் தட்டினார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. லண்டன் இந்த அழைப்பையும் கேட்கும். முடிக்கும் வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஹரிபாபு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். முகத்தில் கெஞ்சல் தெரிந்தது. காஞ்சனா அதைப் பார்த்தாள். மறுபடியும் அழையுங்கள், நாங்களும் மறுபடி வருவோம். மூச்சை இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தப் பக்கம் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மிஸஸ் பெல்லமி போனை வைத்துவிட்டார்.

ஹரிபாபு பதறிப்போனார். என்ன இது, நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டாரே, மறுபடி கோபம் வந்துவிட்டதா என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். காஞ்சனா ஹெட்போனைக் கழற்றவில்லை. இனி ஒன்றும் கேட்காத அதை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கோவம் இல்ல சார்," என்றாள். "மரியாதையாத்தான் வெச்சாங்க."

அடுத்த அழைப்புக்கு மணி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காஞ்சனா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.